பறவைகளுக்கு மூக்கில்லாத துறை

அந்தக் கண்ணாடிக் குழாய் இரண்டு முழ நீளம் இருக்கும். ஒரு முனையில் ஒற்றை வழியாகத் தொடங்கி, பாதியில் உண்டிவில்லின் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரியும். ஒரு சின்னக் கிளி தாராளமாக நடந்து போகிற அகலம். அக்கா அதைக் கழுவும்போது யாரும் பக்கத்தில் போகக் கூடாது. முதலில் வெந்நீர், பிறகு ஸ்பிரிட், மறுபடி வெந்நீர், அப்புறம் மொட்டைமாடி வெயில். அப்படிக் காய்ந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் நான் குனிந்து உள்ளே பார்த்துவிட்டேன். என் நெற்றி விபூதி அதில் உதிர்ந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டு, முழுக் குழாயையும் திரும்ப எடுத்துப்போய் முதலிலிருந்து கழுவினாள். "கோவிச்சுக்காதடீ. உன் சாமி மேலே எனக்கு ஒரு கோபமும் இல்லை, வாசனை மேலேதான்" என்றாள். விபூதியில் என்னக்கா வாசனை இருக்கிறது என்று கேட்டேன். "உனக்கு இருக்காது. என் கிளிங்களுக்கு இருக்கும்" என்றாள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மைசூரில் ஒரு விலங்கியல் துறையில் நாங்கள் இருவரும் ஆராய்ச்சி மாணவிகள். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கே இன்றைக்கு இருக்கிற நல்லவர்களுக்கு வருத்தமாக இருக்கும். எனக்கு மீன், அவளுக்குப் பறவை. என் அப்பா தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்திலிருந்து ஆலை வேலைக்காக மைசூருக்கு வந்தவர். அக்காவின் அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். மைசூரிலேயே நாலு தலைமுறையாக இருக்கிற கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பம். துறையில் தமிழ் பேச எங்களை விட்டால் ஆளில்லை என்பதால் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை ஒன்றாகத் திறப்போம். அவள் என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், வாய் கொஞ்சம் நீளம், பிடிவாதம் நிறைய. அவளை எல்லாருக்கும் பிடித்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். பல பேருக்குப் பிடிக்காது.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் அந்தக் காலத்துக்கு வேடிக்கையானது. பறவைகளுக்குக் கண்ணும் காதும் கூர்மை, மூக்கு மந்தம் என்று நாங்கள் படித்த பாடப்புத்தகம் எல்லாம் ஒரே குரலில் சொல்லும். வெளிநாடுகளில் ஒரு சிலர் கழுகு, கடல்பறவை என்று வைத்துக்கொண்டு வேறு மாதிரி சொல்லத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பறவையின் வால் முளைக்கிற இடத்தில், முதுகுப் பக்கமாக, பரு மாதிரி ஒரு சுரப்பி உண்டு. அலகால் அதை நெருடி எண்ணெயெடுத்துத்தான் பறவை இறகெல்லாம் பூசிக்கொள்ளும். இறகு நனையாமல் இருக்க அந்த எண்ணெய் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அது மட்டுமில்லை, அந்த எண்ணெயின் வாசனைதான் ஒரு பறவை இன்னொன்றுக்குச் சொல்லும் சேதி, பெட்டை தன் ஜோடியை அதை வைத்தும் அடையாளம் காண்கிறது என்பது அக்காவின் கட்சி. கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிற சின்னக் கிளிகளை மண்டி மொஹல்லாக் கடைத்தெருவில் வாங்கிவந்து ஜோடி சேர்த்தாள். ஆணின் எண்ணெயை ஒரு துண்டு வடிதாளில் ஒற்றி எடுத்துக் குழாயின் ஒரு கிளையிலும், வேற்று ஆணின் எண்ணெயை மறு கிளையிலும் வைத்து, பெட்டையை அடிமுனையில் விடுவாள். எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை. கேட்க எளிது.

எளிதில்லை என்பது மைசூரில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். சந்தனமும் ஊதுபத்தியும் மல்லிகையும் மணக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு கிளியின் வால் எண்ணெயை மோந்து பார்க்கிற வேலை அது. கிளி விற்கிறவனின் கடைக்கு அடுத்தது ஊதுபத்திக் கடை. வாங்கிவந்த பறவைகளை வாரக்கணக்கில் தனியாக வைத்திருந்து, அந்த மணம் போன பிறகுதான் சோதனைக்கு எடுப்பாள். அவளே வாசனை இல்லாத மனுஷியாகிவிட்டாள். சோப்புக் கிடையாது, பவுடர் கிடையாது, தலைக்கு எண்ணெய்கூடக் கிடையாது. பறந்துகொண்டிருக்கும் முடியை ரப்பர் வளையத்தில் அள்ளி முடிந்துகொண்டு வருவாள். "கல்யாண வயசுப் பொண்ணு பஞ்சத்துல அடிபட்ட மாதிரி போறாளே" என்று அவள் அம்மா என்னிடம் அழுதிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேவாலயத்துக்கு மல்லிகை வைத்துக்கொண்டு போவாள். அன்றைக்கு அவளைப் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். திங்கட்கிழமை விடிந்ததும் தலைக்குக் குளித்துவிட்டுப் பழையபடி வந்து நிற்பாள்.

பறவைகள் இருந்த அறையை எல்லாரும் ஹக்கி ரூம் என்போம். ஹக்கி என்றால் கன்னடத்தில் பறவை. அதன் சன்னல் இடுக்குகளை எல்லாம் அக்கா காகிதம் ஒட்டி அடைத்து, மேலே, உள்காற்றை வெளியே தள்ளுகிற ஒரு சின்னக் காற்றாடி மட்டும் வைத்திருந்தாள். பூ வைத்திருந்தால் உள்ளே விடமாட்டாள். "அப்படியே நில்லு, கிட்ட வராதே" என்று வாசலிலேயே கையை நீட்டிவிடுவாள். இதில் அவளுக்கு ஆள் வித்தியாசம் கிடையாது. ஒரு முறை துறைத்தலைவர், யாரோ பெரிய விருந்தாளியை அழைத்துக்கொண்டு, இருவர் கழுத்திலும் கூட்டத்தில் போட்ட சந்தன மாலை தொங்க, அறையைக் காட்ட வந்தார். தலைவர்தான் அக்காவுக்கு வழிகாட்டியும். அவர் கையெழுத்து இல்லாமல் அவள் ஆய்வேடு ஒரு அடி நகராது. அக்கா வாசலை மறித்துக்கொண்டு, "சார், மாலையைக் கழட்டிட்டு, கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள். விருந்தாளி சிரித்துக்கொண்டே கழற்றிவிட்டார். தலைவரும் கழற்றினார். ஆனால் அவர் முகம் போன போக்கை நான் என் மீன் தொட்டிகளுக்கு நடுவிலிருந்து பார்த்தேன். யானைக்கு மட்டுமா நினைவு தங்கும், சில மனிதர்களுக்கும் தங்கும்.

இவ்வளவு பாடுபட்டதற்குப் பலன் தெரியத் தொடங்கியது. பெட்டைகள் தங்கள் ஜோடியின் மணம் வருகிற கிளைக்கே திரும்பத் திரும்பப் போயின. எப்போதும் இல்லை, ஆனால் தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்குப் போயின. அக்கா சந்தோஷத்தை வெளியே காட்டமாட்டாள். அன்று மட்டும் என் டப்பாவிலிருந்த புளிச்சோறு முழுவதையும் அவளே சாப்பிட்டுவிட்டாள். உதவித்தொகை முடிய இன்னும் சில மாதங்கள்தான். தசராவுக்குப் பிறகு கடைசிச் சுற்றுச் சோதனையை முடித்து, ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அவள் அம்மா ஓய்வுபெறப் போகிற வருடம் அது. அந்தப் பட்டத்தை நம்பித்தான் அந்த வீடே இருந்தது. இதெல்லாம் தலைவருக்கும் தெரியும்.

தசராவில் ஆயுத பூஜை எங்கள் துறையில் விமரிசையாக நடக்கும். நுண்ணோக்கிகளுக்கும் தராசுகளுக்கும் தட்டச்சு இயந்திரத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமந்திச் சரம் சுற்றி, அறை அறையாகச் சாம்பிராணி காட்டி, கடைசியில் வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுப்பார்கள். எனக்குப் பிடித்த நாள் அது. அந்தப் பூஜையின் மேல் அன்றைக்கும் எனக்குக் குறையில்லை, இன்றைக்கும் இல்லை. என் வீட்டில் இப்போதும் மிக்ஸிக்குக்கூடப் பொட்டு வைக்கிறேன். அக்கா முந்தைய வருடங்களில் எங்களோடு நின்று பொரி சாப்பிட்டவள்தான். அந்த வருடம் மட்டும் ஒரு வாரம் முன்னாலேயே தலைவரிடம் போய், ஹக்கி ரூமை விட்டுவிடச் சொல்லிக் கேட்டாள். வாசலில் பூ வைத்துக்கொள்ளுங்கள், பொட்டும் வைத்துக்கொள்ளுங்கள், புகை மட்டும் உள்ளே வேண்டாம் என்றாள். அவர் "ஆகட்டும்மா" என்றார். நானும் கூட இருந்தேன். அக்கா கதவில் கன்னடத்தில் எழுதி ஒட்டவும் செய்தாள். பூஜை அன்று விடுமுறை. காலையில் வந்து பறவைகளுக்குத் தினையும் தண்ணீரும் வைத்துவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

பூஜை ஊர்வலமாக வந்தது. முன்னால் தலைவர், பக்கத்தில் தூபக்காலோடு எங்கள் அட்டெண்டர், பின்னால் நாங்கள். அட்டெண்டர் நல்ல மனிதர். பறவைகளுக்கு நல்ல தினை எந்தக் கடையில் கிடைக்கும் என்று அக்காவுக்காக அலைந்தவர். ஹக்கி ரூம் வாசலில் பூட்டைப் பார்த்ததும் யாரோ ஒருவர், "சாமிக்கே பூட்டுப் போட்டுட்டாளா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். தலைவர் மாற்றுச் சாவியை எடுத்துவரச் சொன்னார். "சார், அந்த ரூம் வேண்டாம்னு அக்கா கேட்டிருந்தாங்களே, நீங்களும் சரின்னீங்களே" என்று நான் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, அன்பான குரலில், "ஏனம்மா, அந்தப் பறவைங்களும் நம்ம துறைதானே? அதுங்களுக்கு மட்டும் ஆசீர்வாதம் வேண்டாமா?" என்றார். கன்னடத்தில் கேட்ட அந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. கூண்டுகளுக்குச் சரம் சுற்றினார்கள். கண்ணாடிக் குழாயின் மூன்று முனையிலும் சந்தனத்தைக் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்தார்கள். அட்டெண்டர் கூண்டு கூண்டாகத் தூபம் காட்டினார். வெளியே வரும்போது தலைவர் சொல்லி, மேலே ஓடிய காற்றாடியை நிறுத்திக் கதவைச் சாத்திப் பூட்டினார்கள். சாம்பிராணி போட்டால் நாங்கள் எல்லாரும் செய்கிறதுதான் அது. வெள்ளிக்கிழமை என் அம்மாவும் சன்னலைச் சாத்துவாள்; புகை மூலை முடுக்கெல்லாம் போய்த் தங்கினால்தான் நல்லது என்பாள். வீட்டில் இருக்கிறவர்களுக்கு இருமல் வந்தால் எழுந்து வெளியே போய்விடலாம். கூண்டில் இருக்கிறவை எங்கே போகும்?

சாவி தலைவரோடு போய்விட்டது. அவர் பூசணிக்காய் உடைத்த கையோடு வண்டியேறி யார் வீட்டுப் பூஜைக்கோ கிளம்பிவிட்டார். எங்கள் இருவர் வீட்டிலும் தொலைபேசி கிடையாது. நான் அக்கா வீட்டுக்கு ஓடினேன். பாதி தூரம் பஸ், மீதி நடை, தசராக் கூட்டம் சாலை முழுக்க. அக்கா வாசலில் உட்கார்ந்து அம்மாவோடு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டாள். திரும்பி வருவதற்குக் கிடைத்த ஆட்டோவும் அப்போதுதான் பூஜை போட்டது; வாழைக்கன்று கட்டி, முன் கண்ணாடியில் சந்தனம் வழிய நின்றது. அக்கா தன் சாவியால் கதவைத் திறந்தபோது புகை எங்கள் மேல் வந்து மோதியது. கூண்டுகளின் அடியில் சில பறவைகள் கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தன. மற்றவை கம்பியோடு ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின. அக்கா சன்னல் காகிதங்களைப் பிய்த்து எறிந்தாள். நான் கூண்டுகளை வராந்தாவுக்குத் தூக்கினேன். செத்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, அவள் அதில் ஒன்றை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். "சாம்பிராணிதான் அடிக்குது" என்று மட்டும் சொன்னாள். பிறகுதான் அழுதாள்.

இனி இவள் எழுந்திருக்கமாட்டாள் என்று நினைத்தேன். இரண்டு நாளில் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிழைத்த ஜோடிகளை வைத்துச் சோதனையைத் திரும்பத் தொடங்கினாள். நான் பலமுறை கூட இருந்தேன். முன்பு தயங்காமல் தன் ஜோடியின் பக்கம் போன பெட்டைகள் இப்போது கவட்டையில் நின்று விழித்தன. போனால் ஏதோ ஒரு பக்கம் போயின. கூண்டில் நேற்றுவரை ஒட்டி உட்கார்ந்து ஒன்றின் தலையை ஒன்று கோதிய ஜோடிகள், கிட்டே வந்தால் கொத்திக்கொண்டன. அறிமுகமில்லாதவனைப் பக்கத்து இருக்கையில் பார்த்ததுபோல் பெட்டை நகர்ந்து உட்காரும். நாளாக நாளாக ஆண்களின் இறகில் புது எண்ணெய் ஏறியது. பெட்டைகளும் ஒவ்வொன்றாகப் பழைய கிளைக்குத் திரும்பின. அக்காவின் கண்ணில் துக்கமும் வெறியும் சேர்ந்து தெரிந்தன. "இதைவிட என்னடீ சாட்சி வேணும்? நானே நினைச்சாலும் இப்படி ஒரு சோதனை செஞ்சிருக்க முடியாது. செஞ்சிருக்கவும் மாட்டேன்" என்றாள். நடந்ததை நடந்தபடி ஒரு அத்தியாயமாக எழுதினாள். யாரையும் குற்றம் சொல்லவில்லை. மூடிய அறையில் சாம்பிராணிப் புகை பட்டது, அதற்குப் பிறகு இப்படி ஆனது என்றுதான் இருந்தது.

தலைவர் அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு மேசைமேல் போட்டார். செத்த பறவைகள் குளிரில் செத்திருக்கும் என்றார். மற்றவை, கூட இருந்தவை செத்த பயத்தில் ஜோடியைக் கொத்துகின்றன என்றார். புகை மூக்கைப் பொசுக்கியிருக்கலாமே, அதனால் தடுமாறியிருக்கலாமே என்று ஒரு ஆய்வாளர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அக்காவே அதை எழுதித்தான் இருந்தாள். அவர் அதைக் கேட்கவில்லை. "பறவைக்கு மோப்பமே மந்தம்னு உலகமே சொல்லுது. அப்புறம் புகை என்ன செய்யும்? முதல்ல அதுங்களுக்கு மூக்கு இருக்குன்னு நிரூபிச்சுட்டு வந்து என் பூஜையைக் குத்தம் சொல்லு" என்றார். நிரூபணமோ அவர் முன்னால் மேசைமேல் கிடந்தது. அவர் குற்றமற்றவராக இருக்க வேண்டுமானால் பறவைகளுக்கு மூக்கு இருக்கக் கூடாது. எனவே எங்கள் துறையில் பறவைகளுக்கு மூக்கு இல்லை என்று முடிவாயிற்று.

குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்ததாம். அடுத்த வாரமே வராந்தாவில் பேச்சு மாறிவிட்டது. பறவையைப் பற்றி யாரும் பேசவில்லை. "அவங்க கிறிஸ்டியன் இல்லையா, அதான் பூஜைன்னா ஆகலை" என்றார்கள். கூடப் பொரி சாப்பிட்டவர்கள்தான் சொன்னார்கள். அவள் பூ வைக்காததும், பொட்டில்லாமல் வருவதும், மாலையைக் கழற்றச் சொன்னதும் எல்லாம் இப்போது அதற்குச் சான்றாகிவிட்டன. ஒரு வாசனையும் இல்லாமல் இருக்க அவள் பட்ட பாட்டை மதத்தின் கணக்கில் எழுதிவிட்டார்கள். விசாரணை என்ற பெயரில் ஒரு கூட்டம் போட்டார்கள். தலைவர் "ஆகட்டும்" என்று சொன்னதையும், சாவி வரவழைத்ததையும், கதவைச் சாத்தச் சொன்னதையும் நான் எழுந்து சொன்னேன். "நீயும் தமிழ், அவளும் தமிழ்" என்று ஒருவர் சொன்னார். அதோடு என் சாட்சி முடிந்தது. அட்டெண்டரை அழைத்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தூபக்காலைப் பிடிச்சது நான்தான் சார். என்னைத் தண்டிங்க" என்றார். தண்டிக்கப்பட வேண்டியவரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பெருந்தன்மையாக அவரை மன்னித்து அனுப்பினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். எங்கள் தலைவர் உடைத்த பூசணிக்காயையே மறைத்துவிட்டார்.

கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். அந்த அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும். மற்றதையும் வாசனை என்று எழுதாமல் இறகின் நிறம், கண் பார்வை என்று மாற்றி எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். சின்னக் கிளிகளில் ஆணுக்கு மூக்கின்மேல் நீலப் பட்டை இருக்கிறதே, அதை வைத்து எழுதேன் என்று தலைப்புக்கூடச் சொல்லிக்கொடுத்தார். நான் எழுதச் சொன்னேன். அவள் அம்மா கெஞ்சினார். பட்டம் வந்த பிறகு உனக்குப் பிடித்ததை எழுதிக்கொள் என்று எல்லாரும் சொன்னோம். "செத்ததுங்க எதனால செத்துச்சுன்னு தெரிஞ்சுகிட்டே நான் எப்படிக் கண்ணைப் பத்தி எழுதுவேன்?" என்றாள். உதவித்தொகை முடிந்தது. மீதிப் பறவைகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஒரு கன்னியாஸ்திரீகள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தாள். தலைவரைப் பற்றி அவள் ஒரு நாளும் கடுஞ்சொல் சொன்னதில்லை. நான் திட்டினால் தடுப்பாள். "அவருக்குப் புரியலைடீ. படிச்ச படிப்பு அப்படி. மூக்கில்லைன்னு உண்மையாவே நம்புறாரு. நம்புற மனுஷன்கிட்ட என்ன சண்டை?" என்பாள். அதை அவள் சொல்லிச் சொல்லித்தான் அந்தக் கசப்பை விழுங்கினாள் என்று நினைக்கிறேன்.

அதே தலைவர் எனக்குக் கையெழுத்துப் போட்டார்; மீன்கள் அவருக்கு ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. நான் கல்லூரியில் வேலைக்குப் போனேன், கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் ஆயிற்று. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு அதே வீட்டில் தனியாக இருந்தாள். மாதம் ஒரு தடவையாவது போய்ப் பார்ப்பேன். ஒரு முறை போனபோது விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பறவைகளுக்கு மோப்ப உணர்வு குறைவு, சரியா தவறா என்று ஒரு கேள்வி. சரி என்பதுதான் விடை. ஒரு பெண் மட்டும் தவறு என்று எழுதியிருந்தாள். அக்கா அதைச் சுழித்துத் தப்புப் போட்டாள். "என்னக்கா, நீங்களே தப்புப் போடறீங்க?" என்றேன். "நான் சரி போட்டா அவ அதையே நம்பிக்கிட்டுப் பொதுப் பரிட்சையில எழுதுவா. அங்க வேற யாரோ தப்புப் போடுவாங்க. பிள்ளைக்கு எதுக்கு நஷ்டம்?" என்றாள். வருடா வருடம் அதே பாடம், அதே கேள்வி. பறவைக்கு மூக்கில்லை என்று அவளே எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பாள்!

காலம் மாறிற்று. பறவைகள் வாசனையால் ஜோடியை அறிகின்றன, கூட்டை அறிகின்றன, குஞ்சை அறிகின்றன என்று பல நாடுகளிலிருந்து கட்டுரைகள் வந்தன. வாலடிச் சுரப்பியின் எண்ணெயில் என்னென்ன இரசாயனம் என்று பிரித்து எழுதினார்கள். நானே அதைப் பாடமாக நடத்துகிறேன். அக்காவுக்குச் சிலவற்றைப் படியெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் படித்துவிட்டு, "நல்லாப் பண்ணியிருக்காங்க" என்பாள். பொறாமையோ பெருமூச்சோ எதுவும் வராது. எனக்குத்தான் பற்றி எரியும்.

போன வருடம் எங்கள் பழைய துறையில் ஒரு கருத்தரங்கு. தலைவருக்கு நல்ல வயதாகிவிட்டது. இரண்டு பேர் கைத்தாங்கலாக மேடைக்குக் கூட்டிவந்தார்கள். சால்வை போட்டு, மாலை போட்டு, நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். குரல் மட்டும் அப்படியே இருந்தது. "பறவைகளின் மோப்பம் பத்தி உலகம் இன்னைக்குப் பேசுது. இந்தத் துறையில நாங்க தொண்ணூறுகளிலேயே பார்த்தோம்" என்று ஆரம்பித்தார். ஒரு ஆயுத பூஜையன்று பறவை அறையில் சாம்பிராணி போட்டதையும், மறுநாளிலிருந்து கிளிகள் தங்கள் ஜோடியையே மறந்து சண்டை போட்டதையும், இறகில் புது எண்ணெய் ஏறிய பிறகு மறுபடி சேர்ந்ததையும் ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னார். "அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு, இதுங்களுக்கு மூக்கு இருக்குன்னு. நம்ம சாமியே சோதனை நடத்திக் காட்டிட்டாரு!" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்துக் கைதட்டியது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளைக்குக் கெடுவதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை, அதனால் தைரியமாகக் கத்தியது. யார் செய்த ஆராய்ச்சி என்று சொல்லவில்லை. நான் எழுந்து அக்காவின் பெயரைச் சொன்னேன். ஒலிபெருக்கி என்னிடம் இல்லை. நேரமாகிவிட்டது, சாப்பாட்டுக்குப் போகலாம் என்று அறிவித்துவிட்டார்கள்.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்ற பிறகு தோட்டத்தில் கொஞ்சம் கீரை போட்டிருந்தாள், அதை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் போன வேகத்தில், உட்காராமலே, அவர் சொன்னதை எல்லாம் அப்படியே சொன்னேன். என் கோபத்துக்கு ஒரு துணை வேண்டியிருந்தது. அவளும் ஒருமுறையாவது அந்த ஆளைத் திட்டுவாள், இருவருமாகச் சேர்ந்து திட்டலாம் என்று நினைத்தேன். அக்கா கீரையைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கேவா புரிஞ்சுதுன்னாரு?"

"ஆமாக்கா. அப்படித்தான் சொன்னார். அன்னைக்கேன்னு."

"நான் அந்த அத்தியாயத்தைக் கொண்டுபோய் மேசைமேல வச்சப்பவே?"

அவள் தன் விரல்களில் ஒட்டியிருந்த கீரை இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள்.

"அவருக்குப் புரியலைன்னுதானே இத்தனை வருஷம் நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், "நீ இதை எங்கிட்டே சொல்லாம இருந்திருக்கலாம்டீ" என்றாள்.

எப்போது போனாலும் கேட் வரைக்கும் வந்து, நான் தெருமுனை திரும்புகிறவரை நிற்கிற அக்கா, அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. நானே கேட்டைச் சாத்திக்கொண்டு வந்தேன்.